அட்மிரல் கதையை அண்ணன் பாதியில் மூடிவிட்டார்

கேள்வி: என் அண்ணன் கடற்படையில் 24 வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்று ஊருக்கு வந்திருக்கிறார். பாதி சர்வீஸ் மும்பையில். வந்த மூன்றாம் மாதமே உள்ளூர்க் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து, "உள்ளாட்சித் தேர்தலில் நில்லுங்கள், உங்கள் பெயருக்கே ஓட்டு விழும்" என்றார்கள். அண்ணனும் தலையாட்டிவிட்டார். செலவுக்கு ஓய்வூதியத்தோடு வந்த மொத்தப் பணத்தையும் எடுக்கப்போகிறாராம். அண்ணிக்குத் தூக்கமே இல்லை. கேட்டால், "கிரீஸில் குந்தூரியோத்திஸ் என்று ஓர் அட்மிரல் நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார், ஒரு வார்டை நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா?" என்கிறார். யார் அந்த ஆள்? அவர் கதையைச் சொல்லியே அண்ணனை நிறுத்த முடியுமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: நிறுத்துவதா அனுப்புவதா என்பதை அப்புறம் பார்ப்போம், சகோதரி. அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. பாவ்லோஸ் குந்தூரியோத்திஸ் இரண்டு கடற்போர்களில் ஜெயித்தவர்தான், ஜனாதிபதி ஆனவர்தான். ஆனால் அண்ணன் இரண்டாவது வெற்றி கிடைத்த 1913-ல் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தை மட்டும் எட்டிப் பார்த்திருக்கிறார் என்று தோன்றுகிறது. நடுவில்தான் விஷயமே இருக்கிறது.

குந்தூரியோத்திஸ் 1855-ல் ஹைட்ரா தீவில் பிறந்தவர். பரம்பரைக் கப்பல்காரக் குடும்பம். துருக்கியரை எதிர்த்து நடந்த சுதந்திரப் போரில் சொத்தில் பெரும்பகுதியைக் கப்பல்களுக்குக் கொட்டிய வீடு அது. தாத்தா பிரதமராகவும் இருந்திருக்கிறார். ஆக, பெயருக்கே ஓட்டு விழும் என்பது அவருக்குப் பொருந்தும். அந்தப் பெயரைச் சம்பாதிக்க இரண்டு தலைமுறை ஆகியிருந்தது.

அவரையும் அவெரோஃப் கப்பலையும் பிரித்துப் பேச முடியாது. இத்தாலியில் கட்டிய கவசக் கப்பல். விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கியோர்கியோஸ் அவெரோஃப் என்ற வியாபாரி உயிலில் எழுதிவைத்த பணம். 1911-ல் இங்கிலாந்து மன்னரின் முடிசூட்டு விழாவுக்குப் போன இடத்தில் கப்பலில் கலகம். சாப்பாட்டில் வந்த சீஸில் நீலம் பூத்திருந்ததாம். அது அப்படித்தான் இருக்கும் என்று தெரியாத மாலுமிகள், தங்களுக்கு அழுகிப்போனதைப் போடுகிறார்கள் என்று கொதித்துவிட்டார்கள் என்பார்கள். பழைய கேப்டனை மாற்றி, கப்பலை அடக்கி வழிக்குக் கொண்டுவர அனுப்பப்பட்டவர்தான் குந்தூரியோத்திஸ். சோற்றுத் தட்டில் ஆரம்பிக்கும் சண்டை என்னவென்று உங்கள் அண்ணனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த வருடம் பால்கன் போர், கிரீஸும் அண்டை நாடுகளும் சேர்ந்து துருக்கியை எதிர்த்து நடத்தியது. லெம்னோஸ் தீவைப் பிடித்து, அங்கிருந்து துருக்கிக் கப்பல்கள் வெளியே வரும் வழியான டார்டனெல்ஸ் நீரிணையின் வாயைக் காவல் காத்தார். 1912 டிசம்பர் 16 அன்று துருக்கிக் கப்பல்கள் வெளியே வந்தன. அவரிடம் அவெரோஃபைத் தவிர ஹைட்ரா, ஸ்பெட்சை, ப்சாரா என்று தீவுகளின் பெயர் தாங்கிய மூன்று பழைய கப்பல்கள். அவற்றால் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 'நான் தனியாகப் போகிறேன்' என்று பொருள்படும் இசட் கொடியை ஏற்றிவிட்டு, சொந்த ஊரின் பெயர் கொண்ட கப்பலையும் பின்னால் விட்டுவிட்டு, 20 நாட் (மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தில் எதிரியின் முன்னால் குறுக்கே பாய்ந்தார். துருக்கிக் கப்பல்கள் நீரிணைக்குள் திரும்பிவிட்டன. அண்ணனுக்குப் பிடித்த இடம் இதுவாகத்தான் இருக்கும்.

எனக்குப் பிடித்தது ஒரு மாதம் கழித்து நடந்தது. ஹமீதியே என்ற துருக்கிக் கப்பல் இரவில் நழுவி வந்து, சீரோஸ் துறைமுகத்தில் ஒரு கிரேக்கக் கப்பலைச் சுட்டு மூழ்கடித்துவிட்டுப் போனது. ஏதென்ஸில் ஒரே அமளி. 'உடனே துரத்திப் பிடி' என்று அரசாங்கத்திடமிருந்து உத்தரவு. அவெரோஃபைக் காவலிலிருந்து இழுப்பதற்குப் போட்ட தூண்டில் அது என்று அட்மிரலுக்குப் புரிந்துவிட்டது. நகர மாட்டேன் என்றுவிட்டார். 1913 ஜனவரி 18 அன்று, அவர் போயிருப்பார் என்று நம்பித் துருக்கிக் கப்பல்கள் வெளியே வர, எதிரே நின்றது அதே அவெரோஃப். லெம்னோஸ் போர் அது. கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவில் உள்ள ஏஜியன் கடல் கிரீஸின் கைக்கு வந்தது.

இனி அண்ணன் படிக்காத பக்கங்கள். முதல் உலகப்போர் வந்ததும், அதில் சேருவதா வேண்டாமா என்பதில் மன்னர் கான்ஸ்டன்டைன் ஒரு பக்கம், பிரதமர் வெனிசெலோஸ் ஒரு பக்கம் என்று நாடே இரண்டாகக் கிழிந்தது. கான்ஸ்டன்டைனின் அப்பாவுக்கு ஏ.டி.சி.யாக, அதாவது கூடவே இருக்கும் உதவி அதிகாரியாக, இருந்தவர் குந்தூரியோத்திஸ். அரண்மனைப் பழக்கம் உள்ள மனிதர். ஆனாலும் 1916-ல் வெனிசெலோஸோடு கிளம்பி, ஜெனரல் தங்லிஸையும் சேர்த்து மூவராக வடக்கே தெசலோனிக்கி நகரத்தில் தனி அரசாங்கம் நடத்தினார். நேற்றுவரை தோளில் கைபோட்டவர்கள் மறுநாள் துரோகி என்பார்கள். வார்டு தேர்தலிலும் அதுதான் நடக்கும், அளவுதான் சிறியது.

1920-ல் கான்ஸ்டன்டைனின் மகனான இளம் மன்னர் அலெக்சாந்தர் தோட்டத்தில் குரங்கு கடித்துச் செத்துப்போனார் (கதையில்லை, நிஜம்). மன்னர் இல்லாத நேரத்தில் அவர் இடத்தில் இருக்கும் அரசப் பிரதிநிதியாகக் குந்தூரியோத்திஸை ஆக்கினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, தேர்தலில் வெனிசெலோஸ் தோற்க, இவரும் இறங்க வேண்டியதாயிற்று. 1923 கடைசியில் மறுபடி அரசப் பிரதிநிதி. 1924 மார்ச் 25 அன்று குடியரசு என்று அறிவித்தபோது முதல் ஜனாதிபதியும் இவர்தான்.

ஜனாதிபதிதான், ஆனால் சுக்கான் அவர் கையில் இல்லை. அரசியல்வாதிகளும் ஜெனரல்களும் ஓட்டினார்கள். எல்லோரும் மதிக்கும் பெயர் ஒன்று கொடிமரத்து உச்சியில் வேண்டியிருந்தது, அதற்கு இவர். 1925 ஜூனில் ஜெனரல் பங்கலோஸ் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஜனவரியில் வெளிப்படையாகவே சர்வாதிகாரம். இவர் பதவியை விட்டது 1926 மார்ச்சில்தான். கடலில் ஒரு நொடியில் கொடி ஏற்றியவருக்கு இங்கே ஒன்பது மாதம் ஆனது. அவரை நான் குறைசொல்லும் இடம் இது ஒன்றுதான். பங்கலோஸ் ஆகஸ்டில் கவிழ்ந்ததும் இவர் திரும்ப ஜனாதிபதியாக வந்தார். 1927-ல் ஓர் இளைஞன் காரில் வைத்து இவரைச் சுட்டான். தலையில் காயத்தோடு தப்பினார். 1929-ல் உடல்நிலையைச் சொல்லி விலகி, 1935-ல் இறந்தார். சில மாதங்களில் மன்னராட்சி திரும்பி வந்துவிட்டது.

இதைச் சொல்லி அண்ணனை நிறுத்த முடியாது. நிறுத்தவும் வேண்டாம். 24 வருட ஒழுங்கு ஒரு வார்டுக்கு நல்லதுதான். இரண்டு விஷயம் மட்டும் பேசுங்கள். ஒன்று, பணம். அவெரோஃப் கப்பலுக்கே ஒரு வியாபாரியின் உயிலும் அரசாங்கமும் சேர்ந்துதான் காசு போட்டன. கூப்பிட வந்த கட்சி செலவில் எவ்வளவு ஏற்கும் என்பதை எழுதி வாங்கட்டும். அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். ஓய்வுக்காலப் பணத்தில் பாதியைத் தொடவே முடியாதபடி அண்ணி பெயரில் போட்டுவிடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அந்தச் சீரோஸ் உத்தரவு. ஜெயித்த பிறகு கட்சி ஆபீசிலிருந்து போன் வரும், 'இந்த டெண்டருக்குக் கையெழுத்துப் போடு' என்று. நகர மாட்டேன் என்று சொல்ல அண்ணனால் முடியுமா? சொன்னால் கூட நிற்க அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? அதை அண்ணனே யோசித்துச் சொல்லட்டும், நீங்கள் பதில் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

எடுத்தவுடன் புத்திசொல்லப் போனால் எழுந்து போய்விடுவார். மும்பையில் இருந்து ஆரம்பியுங்கள். 1941-ல் ஜெர்மன் படை கிரீஸுக்குள் வந்தபோது அவெரோஃபை மூழ்கடித்துவிடச் சொல்லி உத்தரவு போனது. மாலுமிகள் கேட்கவில்லை. தப்பித்து அலெக்சாந்திரியாவுக்குப் போய், அங்கிருந்து அதே வருடம் பம்பாய்க்கு வந்து, இந்தியப் பெருங்கடலில் கப்பல் கூட்டங்களுக்குக் காவலாகப் போய்வந்தது அந்தக் கிழட்டுக் கப்பல். இப்போது ஏதென்ஸ் பக்கம் ஃபாலிரோ கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அது பம்பாயில் நின்ற சங்கதி தெரியுமா என்று கேளுங்கள், அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவார்.