சமூகப் பதற்றத்துக்கு மனச்சோர்வு மாத்திரை: கேட்டீர்கள், சொல்கிறேன்

கே: கூச்ச சுபாவத்துக்கு மாத்திரை என்று எப்படிச் சோதித்தார்கள் டாக்டர்?

ப: கூச்சத்துக்கு இல்லை. நாலு பேர் பார்த்தால் கை நடுங்கி, வேலை, கல்யாணம் காட்சி எல்லாவற்றையும் தவிர்க்கிற அளவுக்கு முற்றிய சமூகப் பதற்றக் கோளாறுக்கு. பராக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையை வைத்துச் செய்து, 1998-ல் வெளியான சோதனையைச் சொல்கிறேன். 187 பேர். முதல் வாரம் எல்லோருக்கும் மருந்தே இல்லாத போலி மாத்திரை. பிறகு குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து 11 வாரம்; யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது. பதற்றத்தை அளக்க லீபோவிட்ஸ் அளவுகோல்: 24 சூழல்கள். பிறர் பார்க்க எழுதுவது, வாங்கிய பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பது, பொதுக் கழிப்பறைக்குப் போவது. ஒவ்வொன்றுக்கும் பயம் எவ்வளவு, தவிர்ப்பது எவ்வளவு என 0 முதல் 3 வரை மதிப்பெண். முடிவில் கணக்கில் வந்தவர்களில் நன்றாகத் தேறியவர்கள், மருந்து எடுத்த 91 பேரில் 50. போலி எடுத்த 92 பேரில் 22.

கே: மாத்திரை ஆரம்பித்து 10 நாள். ஒன்றும் தெரியவில்லையே?

ப: 11 வாரம் என்று மேலே எழுதியிருக்கிறேன். பொறுங்கள். பட்டென்று நிறுத்தாதீர்கள்; தலைசுற்றும், உடம்பில் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்னும். குறைப்பதென்றாலும் டாக்டர் சொல்கிறபடி, படிப்படியாக.

கே: போலி மாத்திரையிலேயே 22 பேர் தேறியிருக்கிறார்கள். அப்போ எல்லாம் மனசுதானே சார்?

ப: நல்ல கேள்வி. ஸ்வீடனின் உப்சாலாவில் இதையே சோதித்தார்கள்; 2017-ல் வெளிவந்தது. எல்லோருக்கும் எஸ்ஸிடலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரைதான். ஒரு பாதியிடம் உண்மையைச் சொன்னார்கள். மறுபாதியிடம், பக்கவிளைவு மட்டும் தரும், பதற்றத்துக்கு உதவாத மாத்திரை என்றார்கள். 9 வாரத்தில் முதல் கூட்டத்தில் பாதிப்பேர் தேறினார்கள். இரண்டாவதில் 21 பேரில் மூன்றே பேர்.

கே: அதைத்தானே நானும் சொல்கிறேன்!

ப: பாதியைத்தான் சொல்கிறீர்கள். 1992-ல் ஃபெனல்சின் என்ற பழைய மனச்சோர்வு மருந்து, அட்டெனலால் என்ற ரத்த அழுத்த மாத்திரை, போலி மூன்றையும் மோதவிட்டார்கள். எதைச் சாப்பிடுகிறோம் என்று யாருக்கும் தெரியாது, நம்பிக்கை எல்லோருக்கும் ஒன்றுதான். வெறும் மனசென்றால் மூன்றும் ஒரே மாதிரி வந்திருக்க வேண்டும். ஃபெனல்சின் தெளிவாக முந்தியது. அட்டெனலால் போலியைத் தாண்டவே இல்லை. மருந்தும் வேலை செய்கிறது, எதிர்பார்ப்பும் வேலை செய்கிறது. "எதுக்கும் போட்டுப் பாருங்க" என்று சீட்டை நீட்டும் மருத்துவர் பாதிப் பலனை மேசையிலேயே விட்டுவிடுகிறார் என்பது என் கட்சி.

கே: அப்போ ஃபெனல்சினே போதுமே?

ப: அதை எடுப்பவர் நாள்பட முதிரவைத்த சீஸ் ஒரு துண்டு சாப்பிட்டால் ரத்த அழுத்தம் எகிறும். அதனால்தான் ஓரங்கட்டினார்கள்.

கே: மேடைக்கு முன் ப்ரொப்ரனலால் போடலாமா?

ப: இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை அது; மேடை நடுக்கத்துக்குச் சிலருக்கு உதவும். ஆஸ்துமா இருந்தால் தொடாதீர்கள்.

கே: மாத்திரை இல்லாமல் வழியே இல்லையா?

ப: உண்டு. சிந்தனை-நடத்தை சிகிச்சை; பயம் தரும் எண்ணங்களையும் தவிர்க்கும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தருவது. 2004-ல் ஃப்ளுவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஏறக்குறைய சமம்.

கே: மூணு வாரமாச்சு, நிறுத்திடலாமா?

ப: இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கே: எனக்கு எத்தனை மில்லிகிராம் சரிவரும்?

ப: பார்க்காத ஆளுக்கு டோஸ் சொல்ல மாட்டேன்.