டிஎன்ஏவைக் கூட்டினால் பி.சி.ஆர். ஏன் நின்றுபோகிறது?

உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் வாசகி ஒருவர், டிஎன்ஏ துண்டு ஒன்றைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். பற்றி எழுதியிருக்கிறார்: "என் டிஎன்ஏ டிஇ பஃபரில் இருக்கிறது. 25 மைக்ரோலிட்டர் கலவையில் 2 மைக்ரோலிட்டர் சேர்த்தால் மங்கலாகவாவது பேண்ட் வருகிறது. போதவில்லையோ என்று 10 சேர்த்தேன். ஜெல்லில் ஒன்றுமே இல்லை. டாக் பாலிமரேஸ் கெட்டுவிட்டதா? மக்னீசியம் ஒட்டுவது நொதியிலா, டிஎன்டிபியிலா?"

டாக் பாலிமரேஸ்தான் டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி. அது கெடவில்லை. கெட்டிருந்தால் ஜெல்லில் அந்த மங்கல் பேண்டும் (பெருகிய டிஎன்ஏ தெரியும் பட்டை) வந்திருக்காது. டிஎன்ஏவோடு சேர்ந்து வந்த டிஇ பஃபர் கவ்விக்கொண்டதால், நொதிக்கு வேண்டிய மக்னீசியம்தான் போதாமல் போயிருக்கிறது.

மக்னீசியம் ஒட்டுவது நொதி, டிஎன்டிபி (புது இழையில் சேரும் டிஎன்ஏ எழுத்துகளின் மூலப்பொருள்) இரண்டிலும்தான். பாலிமரேஸ் முதலில் ப்ரைமர் (நகலெடுப்பு தொடங்கும் குறுந்துண்டு) சேர்ந்த டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு வரும் டிஎன்டிபி தனியாக வருவதில்லை. அதன் பாஸ்பேட்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒரு மக்னீசிய அயனியைக் கூடவே கொண்டுவருகிறது. சரியான எழுத்து ஜோடி சேர்ந்ததும் நொதியின் 'விரல்கள்' பகுதி மூடிக்கொள்கிறது. ப்ரைமர் நுனியில் இருக்கும் ஹைட்ராக்சிலுக்குப் பக்கத்தில் இன்னொரு மக்னீசியம் அமர்கிறது. டாக்கில் 610, 785ஆம் இடங்களில் உள்ள இரண்டு அஸ்பார்டேட் அமினோ அமிலங்கள் இந்த இரு அயனிகளையும் தாங்குகின்றன. ப்ரைமர் பக்கத்து அயனி ஹைட்ராக்சிலின் புரோட்டான் எளிதில் கழல உதவுகிறது. உடனே அந்த ஆக்சிஜன் டிஎன்டிபியின் முதல் பாஸ்பேட்டைத் தாக்குகிறது. டிஎன்டிபியோடு வந்த அயனி, பிரிந்துபோகும் பைரோபாஸ்பேட்டின் (மீதி இரண்டு பாஸ்பேட்களின்) மின்னூட்டத்தைச் சமாளிக்கிறது.

மக்னீசியத்துக்குப் பதிலாகக் கால்சியம் வைத்தால் என்ன ஆகும்? அதே இடங்களில் அமரும், ஆனால் வினை கிட்டத்தட்ட நகராது. 2012இல் கட்டமைப்பு உயிரியலாளர் வெய் யாங் குழுவினர் இதை அழகாகப் பயன்படுத்தினார்கள். மனித உடலில் உள்ள இன்னொரு நகலெடுப்பு நொதியான பாலிமரேஸ் ஈட்டாவைக் கால்சியத்தோடு படிகமாக்கி நிறுத்திவைத்து, பிறகு மக்னீசியத்தைப் புகுத்திப் பிணைப்பு உருவாவதைப் படிப்படியாகப் படம்பிடித்தார்கள். கடைசிக் கட்டத்தில் மூன்றாவது உலோக அயனி ஒன்றும் தென்பட்டது. அதன் வேலை என்ன என்ற விவாதம் அதிலிருந்து தொடர்கிறது.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். வழக்கமான டிஇ பஃபரில், உலோக அயனிகளைக் கவ்வும் ஈடிடிஏ என்ற சேர்மம் 1 மில்லிமோலார் இருக்கும். 10 மைக்ரோலிட்டர் சேர்த்தால் கலவையில் 0.4 மில்லிமோலார்; 2 சேர்த்தால் வெறும் 0.08. ஈடிடிஏ ஒன்றுக்கு ஒன்றாக மக்னீசியத்தைக் கவ்வும், அதுவும் டிஎன்டிபியைவிட இறுக்கமாக. பலரும் போடும் அளவான 1.5 மில்லிமோலார் மக்னீசியத்தை நீங்களும் போட்டிருந்தால், ஈடிடிஏ 0.4ஐ எடுத்துக்கொள்ளும், நான்கு டிஎன்டிபிகளும் தலா 0.2 என்றால் அவை 0.8 வரை பிடிக்கும். நொதிக்கு மிஞ்சுவது சுமார் 0.3. இரண்டாவது அயனி அங்கிருந்துதான் வர வேண்டும்.

இப்போதைக்கு 25 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடில் அரை மைக்ரோலிட்டர் கூட்டுங்கள், 0.5 மில்லிமோலார் ஏறும். அளவு அதிகமானால் வேண்டாத பேண்டுகள் வரும் என்பதால் ஒரேயடியாக ஏற்றாதீர்கள். உறைந்த குளோரைடு கரைசலை முழுதாக உருகவிட்டு, நன்றாகக் கலக்கிய பிறகே எடுங்கள். உறையும்போது உப்பு அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலாக எடுத்தால் கணக்கு தப்பும். மாங்கனீசைப் போட்டுப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் வேண்டாம்: வினை நடக்கும், ஆனால் பிழையான எழுத்துகள் கூடும்.

அடுத்த முறை டிஎன்ஏவை 10 மில்லிமோலார் டிரிஸ்ஸிலோ (ஈடிடிஏ இல்லாத பஃபர்), 0.1 மில்லிமோலார் ஈடிடிஏ உள்ள பஃபரிலோ கரைத்து வையுங்கள். மக்னீசியம் கூட்டியும் பேண்ட் வராவிட்டால், பிரித்தெடுக்கும்போது தங்கிய பீனாலோ எத்தனாலோ நொதியைத் தடுக்கிறதா என்று பாருங்கள். அப்போது டிஎன்ஏவைக் கூட்டாமல் பத்து மடங்கு நீர்த்துப் போடுவதுதான் வழி.