காடைக்கு பல்பு எத்தனை மணி நேரம் எரிய வேண்டும்?

கேள்வி: முட்டைக்காக ஐநூறு ஜப்பானியக் காடைகளை அடுக்குக் கூண்டில் வைத்திருக்கிறேன். கார்த்திகை பிறந்ததிலிருந்து முட்டை இறங்கிக்கொண்டே வருகிறது. தீவனத்தை மாற்றவில்லை. பொழுது சாய்ந்ததும் பல்பு போட்டு ஏழரைக்கு அணைப்பேன், சில நாள் மறந்தும் போகும். ராத்திரி முழுக்க எரியவிடச் சொல்கிறார்கள். விடலாமா?
- ராசிபுரம் பக்கத்துப் பண்ணையாளர்

பதில்: ராத்திரி முழுக்க வேண்டாம். கரண்ட் பில்தான் ஏறும். உங்கள் காடைக்குப் போதாதது விடியலுக்கு முன்னும் மாலையிலும் கிடைக்க வேண்டிய வெளிச்சம். அதை ஒழுங்காகக் கொடுத்தாலே போதும்.

நம் பக்கம் டிசம்பரில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். ஜூனில்கூட பதின்மூன்றைத் தொடாது. முட்டைக் காடைக்கு வெயிலும் பல்பும் சேர்த்து 16 மணி நேரம் வேண்டும். ஏழரைக்கு நீங்கள் அணைக்கும்போது பதின்மூன்றரைகூட ஆகியிருக்காது. மறந்த நாளில் அதுவும் இல்லை.

காடைக்கு வெளிச்சம் தெரியக் கண் மட்டுமே வழி என்றில்லை. மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒளியை மூளையிலுள்ள செல்களே உணரும். உடம்புக் கடிகாரம் விடியலிலிருந்து மணி எண்ணும். சுமார் 12 மணி நேரம் கழிந்த பிறகும் வெளிச்சம் பட்டால்தான் 'பகல் நீண்டுவிட்டது' என்று உடம்பு எடுத்துக்கொள்ளும். உடனே மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஒரு சிறு பகுதியில் டி.எஸ்.ஹெச். என்ற ஹார்மோன் கூடும், அது மூளையில் ஒரு நொதியை, அதாவது என்சைமைக் கிளப்பிவிடும். பெயர் டைஅயோடினேஸ், இரண்டாம் வகை. தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனில் நான்கு அயோடின் உண்டு. அதில் ஒன்றைக் கழற்றி, வீரியமான டி3 ஆக்குவதுதான் இந்த நொதியின் வேலை. அந்த டி3 தூண்டிய பிறகுதான் சினைப்பைக்கு 'வேலையைத் தொடங்கு' என்ற உத்தரவு போகும். பகல் குறைந்தால் டி3-ஐ அழிக்கும் இன்னொரு நொதியின் கை ஓங்கிவிடும். டி3 ஆக்கும் நொதிக்கு இதில் உள்ள பங்கை 2003-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்து யோஷிமுரா குழு கண்டுபிடித்தது, அதுவும் நீங்கள் வளர்க்கும் இதே காடையில்தான்.

இருட்டுக்கும் ஒரு நொதி உண்டு. ராத்திரியில் மெலடோனின் என்ற இருட்டு நேர ஹார்மோனைச் சுரக்க வைப்பது அதுதான். கோழியில் பார்த்திருக்கிறார்கள், நடுராத்திரியில் விளக்கைப் போட்டால் சில நிமிடங்களிலேயே அதன் வேகம் விழுந்துவிடுகிறது. அதனால் எட்டு மணி நேர இருட்டையும் விட்டுவையுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. காலை நாலரைக்குப் போட்டு விடிந்ததும் அணையுங்கள். மாலையில் பொழுது சாயுமுன் போட்டு எட்டரைக்கு அணையுங்கள். ஒரே நாளில் தாவாமல் வாரத்துக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டுங்கள். ஞாபகத்தை நம்பாமல் ஒரு டைமர் மாட்டிவிடுங்கள். மாலையில் கரண்ட் போகும் ஊர் என்றால் இன்வெர்ட்டரும் தேவை. நடுராத்திரியில் கரண்ட் போனால் கவலையே இல்லை. பல்பு மஞ்சள் ஒளி தருவதாக இருக்கட்டும், சிவப்புச் சாயல் ஒளிதான் மண்டைக்குள் நன்றாக இறங்கும். கீழ் அடுக்குக் கூண்டருகே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துப் பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் பல்பைத் துடையுங்கள், இல்லை இடத்தை மாற்றுங்கள்.

வெளிச்சம் பலிக்கிறதா என்று ஆண் காடையைப் பார்த்தாலே தெரியும். கழிவாய்க்கு மேலே சிவந்த குமிழ் ஒன்று இருக்கும், மெல்ல அழுத்தினால் வெள்ளை நுரை வரும். குமிழ் சுருங்கி நுரை வராவிட்டால் வெளிச்சம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டைகளில் முட்டை திரும்ப இரண்டு மூன்று வாரம் ஆகும். இன்னொன்று, காடை பெரும்பாலும் பிற்பகலிலிருந்து மாலைக்குள்தான் இடும். காலையில் மட்டும் எண்ணிவிட்டுக் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

மூன்று வாரமாகியும், ஆணில் நுரை இருந்தும் முட்டை ஏறவில்லையா? வெளிச்சத்தை விட்டுவிடுங்கள். காடைகளின் வயது, தீவனத்தில் புரதம், கிளிஞ்சல் அளவு, தண்ணீர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.