கடையில் கையில் வாங்கிய சம்பளம்: லண்டன் ஸ்பவுஸ் விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வது?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். கணவருக்கு லண்டனில் நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறது. கலியாண எழுத்து (பதிவு) முடிந்து இரண்டு வருடம், பிள்ளைகள் இல்லை. ஸ்பவுஸ் விசா கேட்டோம், வருமானம் போதாது என்று மறுத்துவிட்டார்கள். அவருக்குக் கிடங்கு வேலையில் வருடம் 22,000 பவுண்ட்ஸ், சனி ஞாயிறு கடையில் 8,000. கடைக்காரர் சம்பளத்தைக் கையில் காசாகத்தான் கொடுப்பார், ஆனால் சம்பளச் சிட்டை உண்டு. அந்தக் காசு வங்கியில் போடாமல் வீட்டுச் செலவுக்கே போய்விடும். அப்பீல் செய்யலாமா?

பதில்: சகோதரி, உங்கள் கலியாணத்தை அவர்கள் சந்தேகப்படவில்லை, அதை முதலில் மனதில் வையுங்கள். பிரச்சினை அந்த 8,000 மட்டும்தான். 2024 ஏப்ரல் 11 முதல் வருடம் 29,000 பவுண்ட்ஸ் காட்ட வேண்டும், வரி கழிக்க முன் உள்ள தொகை. இரண்டு வேலைகளையும் கூட்டலாம். ஆனால் கையில் வாங்கும் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்தால்தான் கணக்கு, உங்கள் கணவர் அதை வீட்டுச் செலவுக்கே எடுத்துவிட்டதால் சிட்டை இருந்தும் பயனில்லாமல் போய்விட்டது.

அப்பீலுக்கு உரிமை இருக்கிறது. நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால் முடிவு கிடைத்து 28 நாள். ஆனால் வங்கியில் போடாத காசுக்கு அங்கேயும் எந்த ஆதாரத்தைக் காட்டப் போகிறீர்கள்? குடும்ப வாழ்வு உரிமையை மட்டும் வைத்து வாதாட வேண்டி வரும், அதுவும் இந்த வருமான நிபந்தனை செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே 2017இல் சொல்லியிருக்கும்போது, அந்த நம்பிக்கையில் மாதக்கணக்காகக் காத்திருக்க நான் சொல்ல மாட்டேன். புதிதாக விண்ணப்பியுங்கள்.

இந்த மாதத்திலிருந்தே கடைச் சம்பளம் கிடைத்த உடனே, சிட்டையில் உள்ள அதே தொகையை, சில்லறை பிசகாமல் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக் காசைச் சேர்த்து ஒரே நாளில் போட்டால் எந்தச் சிட்டைக்கு எந்தக் காசு என்று காட்ட முடியாது. இரண்டு வேலையும் சேர்த்து 30,000, ஆயிரம்தான் கூடுதல், ஆகவே சனி ஞாயிறு லீவு எடுக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

கடை வேலை நிலைக்காது என்றால் சேமிப்பு வழி இருக்கிறது. குறைவது 7,000. அதை இரண்டரையால் பெருக்கி 16,000 கூட்டுங்கள், 33,500 வரும். அவ்வளவு காசு உங்கள் பேரிலோ அவர் பேரிலோ ஆறு மாதம் இருக்க வேண்டும். அண்ணன் தம்பி அன்பளிப்பாகத் தந்தாலும் சரி, கடனாக இருக்கக் கூடாது. நீங்கள் இங்கே வாங்கும் சம்பளம் இதில் சேராது.

யாராவது ஏஜென்ட் "சிட்டை செய்து தருகிறேன்" என்று வந்தால் தயவுசெய்து கிட்டவும் சேர்க்காதீர்கள். வரித் திணைக்களப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், பொய் என்று பிடிபட்டால் இப்போது சரிசெய்யக்கூடிய இந்த வழக்கு கெட்டே போய்விடும். புதிய படிவத்தில் இந்த மறுப்பையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அப்புறம், காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், பழையதை அனுப்ப முடியாது. ஆங்கிலப் பரீட்சைக்கு இரண்டு வருடம், சான்றிதழில் திகதியைப் பாருங்கள்.