தாரஸ்ப் கோட்டை: 'விசேஷ அனுமதி'க்குப் பணம் கட்டாதீர்கள்

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரிலிருந்து வாசகர் ஒருவர், இதே நாட்டிலுள்ள தாரஸ்ப் கோட்டை பற்றிக் கேட்கிறார்: "கோடையில் அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள். தாரஸ்ப் கோட்டைக்குக் கூட்டிப்போக ஆசை. அது தனியார் சொத்து, தன் மூலம்தான் விசேஷ அனுமதி கிடைக்கும் என்று ஓர் ஏஜென்ட் தனிக்கட்டணம் கேட்கிறார். ஆயிரம் வருஷத்து அறைகளைக் காட்டுவாராம். நம்பலாமா?"

கட்டாதீர்கள். தனியார் சொத்து என்பது உண்மை. பக்கத்து ஊரான சென்ட்டில் பிறந்த கலைஞர் நோட் விட்டல் 2016-இல் அதை வாங்கினார். ஆனால் வழிகாட்டியோடு உள்ளே போய்ப் பார்க்க யாருக்கும் ஏற்பாடு உண்டு. பக்கத்து ஊரான ஷ்குவோலின் சுற்றுலா அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு நேரத்தைக் கேட்டாலே போதும். இந்த ஒரு போனை விற்றே பிழைக்கும் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள். "தனியார்" என்ற சொல்லைச் சொன்னாலே நம்மவர்கள் பயந்து பர்ஸைத் திறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, அந்த "ஆயிரம் வருஷம்". கோட்டை 1040 வாக்கில் எழும்பியதுதான். 1464-இல் ஆஸ்திரியப் பகுதியான டிரோல் கைக்குப் போய், 1803 வரை ஆஸ்திரியாவின் துண்டு நிலமாகவே இருந்தது. அப்புறம் கிரௌபுண்டன் கன்டோனுக்கு (சுவிஸ் மாநிலம்) வந்தது. கன்டோன் அதைப் பேணாமல் விற்றுவிட, பாழடைந்தது. 1900-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து லிங்னர் வாங்கினார். ஓடோல் என்ற வாய்கொப்பளிக்கும் மருந்தில் பணம் சேர்த்தவர். 1907 முதல் 1916 வரை புதுப்பித்து, குடிபுகுமுன்பே இறந்துபோனார். நீங்கள் பார்க்கப்போகும் அறைகள் பெரும்பாலும் அவர் அமைத்தவை.

ஒரு விலக்கு உண்டு, இதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். சுவரில் பதித்த மரப்பலகைகளில் பல நிஜமாகவே பல நூற்றாண்டுப் பழையவை. ஆனால் அவை இந்தக் கோட்டைக்காகச் செய்தவை அல்ல. லிங்னர் வேறு வேறு வீடுகளிலிருந்து விலைக்கு வாங்கி வந்து பொருத்தியவை. பலகை பழசு, அறை புதுசு. "இந்த மரவேலை எந்த வீட்டிலிருந்து வந்தது?" என்று வழிகாட்டியிடமே கேளுங்கள். லிங்னர் வைத்த ஆர்கன் இசைக்கருவியையும் விட்டுவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான குழாய்கள் கொண்டது.

இந்த நாட்டு முறைமீது எனக்குக் கோபம் உண்டு. மரபுச்சின்னம் என்று காக்கிறார்கள், சரி. மக்களை உள்ளே விடுவதை மட்டும் உரிமையாளரின் நல்ல மனசுக்கே விட்டுவிடுகிறார்கள். அதனால் போகும் வாரமே நேரத்தை மறுபடி சரிபாருங்கள்.

ஷ்குவோல்-தாரஸ்ப் வரை ரயில், அங்கிருந்து தாரஸ்ப் ஃபொன்டானாவுக்கு தபால் பஸ். கடைசியில் ஏற்றம், நடந்துதான் போகவேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தால் கீழே ஏரிக்கரையிலேயே உட்காரட்டும். கோட்டை முழுசாகத் தெரிவது அங்கிருந்துதான்.