ஐந்து முனை, ஒரே வெட்டு

அன்புள்ள ஐயா,

வணக்கம். அக்கா மகள் பிலடெல்பியாவில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் அவளுக்கு பெட்சி ராஸ் வேஷம். 1776இல் வாஷிங்டன் அந்த அம்மாளின் கடைக்கு வந்து அமெரிக்கக் கொடியைத் தைக்கச் சொன்னாராம். அவர் காட்டிய படத்தில் நட்சத்திரத்துக்கு ஆறு முனை. அந்த அம்மாள் "ஐந்துதான் சுலபம்" என்று காகிதத்தை மடித்து ஒரே வெட்டில் வெட்டிக் காட்டினாராம். இதற்கு ஆதாரமே இல்லை என்று படித்தேன். ஏ4 தாளை எடுத்து நானும் வெட்டிப் பார்த்தேன், கோணல்மாணலாக வந்தது. எல்லாமே கட்டுக்கதை என்று குழந்தையிடம் சொல்லிவிடலாமா?

சுமதி, திருச்சி

அன்புள்ள சுமதி,

ஆதாரத்தைப் பற்றி நீங்கள் படித்தது சரி. வாஷிங்டன் கடைக்கு வந்ததாக அந்தக் காலத்து எழுத்து ஒன்றும் கிடையாது. பெட்சி 1836இல் இறந்தார். பேரன் வில்லியம் கேன்பி 1870இல் பென்சில்வேனியா வரலாற்றுக் கழகத்தில் வாசித்த கட்டுரையால்தான் இந்தக் கதை ஊருக்குத் தெரிந்தது. கொடியை வடிவமைத்தது நான்தான், கூலி கொடுங்கள் என்று 1780இல் அமெரிக்கக் காங்கிரஸ் சபையிடம் கேட்டவர் பிரான்சிஸ் ஹாப்கின்சன். அவருக்குக் காசு வரவில்லை. இந்த வழக்கு இத்தோடு போகட்டும்.

ஆனால் நட்சத்திரம் சரியாக வராததை ஒரு சாட்சி போலச் சேர்த்திருக்கிறீர்களே, அது நியாயமே இல்லை. தப்பு உங்கள் தாளில் இருக்கிறது. அந்த மடிப்பு முறை எட்டரைக்குப் பத்து அங்குலத் தாளுக்கானது. தாளின் நீளத்தில் பாதியை, பிறகு அதிலும் பாதியை எடுங்கள்: இரண்டரை. அகலத்தில் பாதி நாலேகால். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் 36 டிகிரி, அதாவது அரைவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, வருகிறது. ஏ4 தாளில் அதே இடத்தில் 45 டிகிரி வரும். நான்கு பங்கு ஒல்லியாகவும் ஐந்தாவது பருத்தும் போய், கடைசி மடிப்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

தாளின் நீளத்தில் 5 செ.மீ. வெட்டி எறியுங்கள். 21க்கு 24.7 நிற்கும். நீளம் பாதியாகும்படி மடித்து, மடிப்பு விளிம்பை உங்கள் பக்கம் வையுங்கள். குறுக்கும் நெடுக்கும் ஒருமுறை மடித்துப் பிரித்து, நடுக்கோடுகளைப் பதியவிடுங்கள். மடிப்பு விளிம்பின் நடுப்புள்ளிதான் நட்சத்திரத்தின் மையம். அந்தப் புள்ளி நகராமல், வலது கீழ்மூலையைத் தூக்கி, இடப்பக்கம் கிடைக்கோட்டைத் தொடும்படி மடியுங்கள். அதே மூலையைத் திருப்பி, விளிம்பு புது மடிப்போடு ஒட்டும்படி மடியுங்கள். இடது பாதியை அதன்மேல் போர்த்தி, மிஞ்சுவதை மறுபடி திருப்புங்கள். இப்போது பத்து அடுக்குள்ள ஒரு கூம்பு கையில் இருக்கும். கூர்மையான நுனியிலிருந்து ஒரு விளிம்பில் 10 செ.மீ., மறு விளிம்பில் 3.8 செ.மீ. குறித்து, இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டு. விளிம்புக்குச் செங்குத்தாக வெட்டினால் வெறும் ஐங்கோணம்தான் வரும். 3.8ஐ 5 ஆக்கினால் நட்சத்திரம் குண்டாகிவிடும். கெட்டித் தாள் வேண்டாம். ஒவ்வொரு மடிப்பின் தடிமனும் கோணத்தைக் கொஞ்சம் தின்னும்.

ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்? பாதி, கால், மூன்றில் ஒன்று, இவை கண்ணளவிலேயே வந்துவிடும். அதனால் ஆறு முனையை யாரும் மடித்துவிடலாம். ஐந்தில் ஒரு பங்கு கண்ணுக்குப் பிடிபடாது, அதற்குக் கை பழகியிருக்க வேண்டும். அரசியல் கதை கட்டுகிறவனுக்கு இப்படி ஒரு விவரம் தோன்றாது. அந்த வீட்டில் கத்தரிக்கோல் பிடித்த பெண்கள் ஞாபகம் வைத்திருந்தது இது. ஆறு முனை வேண்டாம், ஐந்து முனைதான் வேண்டும் என்று அம்மா சொன்னதாக பெட்சியின் மகள் ரேச்சல் சத்தியப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாஷிங்டன் வந்தாரா என்பதற்கு அது சாட்சியாகாது. அந்தக் கடையில் என்ன வேலை தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி.

இன்னொன்றையும் பாருங்கள். கொடி பற்றி அந்தக் காங்கிரஸ் போட்ட 1777 ஜூன் 14ஆம் தேதித் தீர்மானம் பதின்மூன்று பட்டை, நீலத்தில் பதின்மூன்று வெள்ளை நட்சத்திரம் என்று சொல்கிறது. எத்தனை முனை, எப்படி அடுக்குவது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அடுக்கும் அளவும் உத்தரவாக வந்தது 1912இல். அதுவரை முனையைத் தீர்மானித்தது தைக்கிற கைதான்! அந்தக் கைக்குக் கூலி கொடுத்த கணக்கும் இருக்கிறது. தீர்மானத்துக்குப் பதினாறு நாள் முன்பு, மே 29 அன்று, பென்சில்வேனியாக் கடற்படை வாரியம் கப்பற் கொடிகள் தைத்ததற்காக எலிசபெத் ராஸுக்கு 14 பவுண்டு 12 ஷில்லிங் 2 பென்ஸ் ஒதுக்கியது. எலிசபெத் என்பது பெட்சியின் முழுப்பெயர். இதைப் படித்த பிறகும் "எல்லாமே கட்டுக்கதை" என்று ஒரு குழந்தையிடம் சொல்ல உங்களுக்கு மனசு வருமா?

துணியில் வைக்கும்போது தாள் நட்சத்திரம் வெறும் அச்சு. சுற்றிலும் அரை செ.மீ. தையலுக்கு விட்டு வெட்ட வேண்டும். உள்வளையும் ஐந்து மூலைகளிலும் கோட்டுக்கு ஒரு நூல் முன்புவரை சின்ன வெட்டு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் துணி சுருங்கும், கோட்டைத் தாண்டினால் பிரியும்.

அவளிடம் இருக்கும் அமெரிக்கத் தாள் எட்டரைக்குப் பதினொன்று. அதில் ஒரு அங்குலம் வெட்டினால் போதும். பள்ளிக்கூடத்து மொண்ணைக் கத்தரிக்கோல் பத்து அடுக்கைக் கடக்காமல் வழுக்கும். உங்கள் அக்காவைத் துணி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்துப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள், வெட்டுவது மட்டும் குழந்தையாக இருக்கட்டும்.