மாட்ச் நாளில் வீட்டு வாசல்: வாசகர் கேள்வி – பதில்

சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டம் நடக்கும் நாட்களில் அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் வண்டியை வைத்துக்கொண்டு படும் பாடு பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. அதனால் மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த இதழில் இது மட்டும்.

கேள்வி: பெல்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ரொம்ப வருடமாக இருக்கிறோம். மாட்ச் அன்று ஆபீஸ் விட்டு ஏழு மணிக்கு வந்தால் தடுப்பு போட்டு நிறுத்துகிறார்கள். கெஞ்சிக் கூத்தாடி உள்ளே வந்தால் எங்கள் கேட்டுக்குக் குறுக்கே யாருடையதோ கார் நிற்கிறது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகும் மாமியார் வீட்டில் இருக்கிறார். சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறதா, இல்லையா?
– ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: இருக்கிறது அம்மா, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. உங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியிருக்கும் தெரு உங்களுடையது அல்ல, அங்கே ‘நோ பார்க்கிங்’ என்று அரசு அறிவிக்காதவரை, போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் யார் வண்டியை விட்டாலும் ஒன்றும் சொல்ல முடியாது. கேட் விஷயம் வேறு. ஒரு வீட்டின் வாசலை மறித்து வண்டி நிறுத்தக் கூடாது என்று சாலை விதிகளிலேயே இருக்கிறது, பேருந்து நிறுத்தம், ஆஸ்பத்திரி வாசல், தீயணைப்புக் குழாய் எல்லாவற்றோடும் சேர்த்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-வது பிரிவு, மற்றவர்களுக்கு இடையூறாக வண்டியை விட்டுவிட்டுப் போவதைத் தடுக்கிறது. 127-வது பிரிவு அப்படிப்பட்ட வண்டியை இழுத்துக்கொண்டு போகும் அதிகாரத்தைப் போலீசுக்குத் தருகிறது, இழுவைச் செலவும் வண்டிக்காரர் தலையில்தான். அபராதம் முதல் தடவை 500 ரூபாய் வரை, மறுபடி மாட்டினால் 1,500 வரை. ஐ.பி.எல். டிக்கெட் விலைக்கு முன்னால் இதெல்லாம் ஒரு தொகையா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

சட்டம் இருந்து என்ன, டாஸ் போட்ட பிறகு அந்தக் காரை யார் நகர்த்துவது? அங்கேதான் சிக்கல். முன்கண்ணாடியில் போன் நம்பர் எழுதி வைத்துவிட்டுப் போகிறவர் உள்ளதில் நல்லவர். ஆனால் முப்பதாயிரம் பேருக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கும்போது போன் எடுக்காது, எடுத்தாலும் விசில் சத்தத்தில் நீங்கள் பேசுவது காதில் விழாது, விழுந்தாலும் கடைசி ஐந்து ஓவர் முடியாமல் மனிதர் எழுந்து வரமாட்டார். இழுவை வண்டியோ மெயின் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் சந்துக்குள் திரும்பவே அதற்கு இடம் இருக்காது. ஆகவே வண்டி வந்து நின்ற பிறகு சண்டை போடுவதில் பெரிய பலன் இல்லை. நான்கு, நாலரை மணிக்கே வாசலில் ஒரு ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும். “சார், இது கேட், உள்ளே நோயாளி இருக்காங்க” என்று நேரில் சொன்னால் பத்துக்கு ஒன்பது பேர் நகர்ந்துவிடுகிறார்கள். பத்தாவது ஆளை மட்டும் படம் பிடித்து, நம்பர் பிளேட் தெரிய, உடனே 100-க்குச் சொல்லுங்கள்.

தடுப்பு விஷயத்தில் போலீஸ்காரரைக் குறை சொல்வதில் நியாயமில்லை, அவருக்கு உங்கள் முகம் தெரியாது, பாதி நாள் அவர் வேறு எங்கிருந்தோ பந்தோபஸ்துக்கு அனுப்பப்பட்டவர். “நான் இந்தத் தெருதான்” என்று மாட்ச் பார்க்க வந்தவனும் சொல்கிறான். சேப்பாக்க முகவரி இருக்கும் ஆதார் அட்டை, வண்டியின் ஆர்.சி. இரண்டும் கையில் இருக்கட்டும், போனில் தேடிக்கொண்டிருக்காதீர்கள், பின்னால் ஹாரன் அடிக்கிறவன் அவருடைய பொறுமையைத் தின்றுவிடுவான். அப்புறம், போக்குவரத்து மாற்ற அறிவிப்பு ஆட்டத்துக்கு முன்பே பேப்பரிலும் போக்குவரத்துக் காவல்துறையின் பக்கங்களிலும் வந்துவிடும். பெரும்பாலும் மாலை ஐந்திலிருந்து இரவு பதினொன்று வரை, பெல்ஸ் ரோடு போன்றவை தற்காலிகமாக ஒருவழி ஆகும். எந்த முனையில் உள்ளே விடுகிறார்கள், எந்த முனையில் விடமாட்டார்கள் என்று அதில் தெளிவாக இருக்கும். தப்பான முனையில் போய் நின்று ஆதாரை நீட்டினால் கடவுளே வந்தாலும் விடமாட்டார்கள்.

மாமியார் விஷயம் மட்டும் தனி. லீக் ஆட்டங்களுக்கான அட்டவணை முன்கூட்டியே வந்துவிடுகிறது. சொந்த மைதானத்தில் ஒரு அணிக்கு ஏழு ஆட்டம், அவ்வளவுதான். அந்தத் தேதிகளை எடுத்துக்கொண்டு டயாலிசிஸ் சென்டருக்குப் போய், அந்த நாட்களில் காலை ஷிஃப்ட் வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுங்கள். மதியம் மூன்றரை ஆட்டம் என்றால் கூட்டம் உச்சி வெயிலிலேயே வர ஆரம்பித்துவிடும், அதையும் கணக்கில் வையுங்கள். சிகிச்சைச் சீட்டின் நகல் ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும். அவசரம் என்றால் சொந்தக் காரை எடுக்க மெனக்கெடாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கோஷா ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிற ஏரியா அது, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வழி விடப் பழகியவர்கள்தான் அங்கே டூட்டி பார்க்கிறார்கள்.

கேள்வி: மேன்ஷனில் தங்கி வேலை பார்க்கிறேன். ஆதாரில் சங்கரன்கோவில் முகவரி. பைக்கை உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். நான் என்ன செய்ய?
– ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: மேன்ஷன் வாடகை ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் மேனேஜரிடம் லெட்டர்ஹெட்டில் ‘இவர் எங்கள் அறை எண் இன்னதில் தங்கியிருக்கிறார், வண்டி எண் இன்னது’ என்று இரண்டு வரி எழுதி சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் செய்ய மாட்டேன் என்கிற மேனேஜர் அட்வான்ஸ் வாங்க மட்டும் உங்களை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பார், அதைச் சொல்லிக் கேளுங்கள். அப்படியும் விடவில்லை என்றால் இறங்கி, இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். தள்ளிக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் மனம் இளகும்.

இன்னொன்று. மேன்ஷன் பைக்குகள் தினமும் ரோட்டில்தான் நிற்கின்றன, தெரியும், வேறு இடம் இல்லை. ஆனால் மாட்ச் அன்று காலையில் ‘இந்தப் பக்கம் வண்டி கூடாது’ என்று தடுப்புக் கம்பி இறக்கிவைத்துவிட்டால் அதைப் பார்த்து வண்டியை அப்போதே எடுத்துவிடுங்கள். சாயங்காலம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஆபீசுக்குப் போனால் சாயங்காலம் பார்க்க வண்டி இருக்காது.

கேள்வி: எங்கள் மாமா வீட்டு முன்னால் சிமென்ட் தொட்டி வைத்து, ‘நோ பார்க்கிங். மீறினால் காற்று பிடுங்கப்படும்’ என்று போர்டு மாட்டியிருக்கிறார். மாட்ச் நாளில் நிஜமாகவே பிடுங்கிவிட்டார். இது சரியா?
– ஒரு வாசகர், இராயப்பேட்டை

பதில்: போர்டும் தப்பு, தொட்டியும் தப்பு, காற்றைப் பிடுங்கியது எல்லாவற்றையும்விடத் தப்பு. அனுமதி இல்லாமல் இப்படிப் போர்டு, மணல் மூட்டை, பூந்தொட்டி வைத்துத் தெருவை அடைக்கக் கூடாது, எடுத்துவிடுங்கள் என்று சென்னை போக்குவரத்துக் காவல்துறை 2024-லேயே எச்சரித்தது. கேட்டுக்கு நேராக ‘வாசல், வண்டி நிறுத்த வேண்டாம்’ என்று கேட்டிலேயே எழுதிக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. மாமா அதற்குப் பக்கத்தில் இருபது அடியையும் சேர்த்து வளைத்துப் போட்டிருப்பார் என்பது என் ஊகம். மேலும் யோசித்துப் பாருங்கள் தம்பி, காற்று இல்லாத கார் உங்கள் வாசலை விட்டு எப்படிப் போகும்? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஸ்டெப்னி மாற்ற உங்கள் வீட்டில்தான் வந்து ஜாக்கி கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் அப்பார்ட்மென்ட்டில் பத்துப் பதினைந்து கார் நிற்கும் இடம் இருக்கிறது. மாட்ச் அன்று வெளியாட்களுக்கு ஒரு காருக்கு இருநூறு, முந்நூறு என்று வாங்கி விட்டால் அசோசியேஷனுக்கு வருமானம் என்கிறார் செயலாளர். விடலாமா?
– ஒரு வாசகி, சேப்பாக்கம்

பதில்: விம்பிள்டன் டென்னிஸ் நடக்கும் இரண்டு வாரமும் அந்த ஊர்க்காரர்கள் வீட்டு முன்றிலைக் கார்களுக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறார்கள், ஆசை வருவது இயற்கை. ஆனால் அவர்கள் விடுவது அவரவர் சொந்த இடம். உங்களுடையது பொது இடம், எல்லோரும் பங்குக்காரர்கள், பொதுக்குழுவில் வைத்துத் தீர்மானம் போடாமல் செயலாளர் ஒருவர் முடிவு செய்ய முடியாது. பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. இருநூறு ரூபாய்க்கு இடம் கிடைக்கும் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் அடுத்த ஆட்டத்துக்கு, காரை விட்டவர் இன்னும் மூன்று பேரிடம் சொல்லியிருப்பார், பதினைந்து கார் இடத்துக்கு நாற்பது கார் சந்துக்குள் நுழையும், இடம் கிடைக்காத இருபத்தைந்தும் பக்கத்து வீட்டு கேட்டில்தான் நிற்கும். மேலே முதல் கேள்வி கேட்ட அம்மாவின் கேட்டில் நின்ற கார் எப்படி அங்கே வந்தது என்று நினைக்கிறீர்கள்? கூட ஒன்று: ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டி எடுப்பார்கள், யாராவது தூணில் உரசினால் அந்தப் பஞ்சாயத்து நடுராத்திரியில் வாட்ச்மேன் தலையில் விழும். செயலாளர் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்.

கேள்வி: வெளிநாட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? நாம் ஏன் அப்படிச் செய்யக் கூடாது?
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: எல்லா வெளிநாட்டையும் சொல்ல இந்தப் பக்கம் போதாது, லண்டன் வெம்ப்ளியை மட்டும் சொல்கிறேன். தொண்ணூறாயிரம் பேர் உட்காரும் கால்பந்து மைதானம், சுற்றிலும் சாதாரணக் குடியிருப்புத் தெருக்கள். அங்கே பிரென்ட் நகராட்சி, மைதானத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டாரத்தைக் குறித்துவைத்திருக்கிறது. ஆட்டமோ கச்சேரியோ இருக்கும் நாளில் மட்டும், அந்த வட்டாரத் தெருக்களில் பெர்மிட் வைத்திருக்கும் குடியிருப்பவர் வண்டி மட்டும்தான் நிற்கலாம். அடுத்த நிகழ்ச்சி எந்தத் தேதி என்று வட்டாரத்துக்குள் நுழையும் இடத்திலேயே பலகையில் போட்டிருப்பார்கள். மற்ற நாளில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

2012 ஒலிம்பிக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாற்றுத்திறனாளிகளைத் தவிர பார்வையாளர் யாருக்கும் பார்க்கிங்கே இல்லை என்று சொல்லிவிட்டு, டிக்கெட்டோடு அன்றைக்கான பொதுப் போக்குவரத்துப் பயண அட்டையையும் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். கார் கொண்டு வராதே என்று வாயால் சொல்வதற்கும், ரயில் காசை நானே கட்டிவிட்டேன் என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பெரிசு. இதில் பாதியை நாமும் செய்துவிட்டோம்: 2023 முதல் ஐ.பி.எல். டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் இலவசமாக வரலாம் என்று ஏற்பாடு வந்தது, அப்புறம் மாநகரப் பேருந்தும் சேர்ந்தது. என்னைக் கேட்டால் சேப்பாக்கத்துத் தெருக்காரர்களுக்காக இதுவரை செய்யப்பட்ட காரியங்களில் உருப்படியானது இதுதான், பார்க்கிங் என்ற பேச்சே அதில் இல்லாவிட்டாலும்.

நம்மிடம் இல்லாதது மறுபாதி, அதாவது குடியிருப்பவருக்கான பெர்மிட். ஆனால் அதற்கு நகரம் முழுக்க ஒரு திட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஏழு தேதி, பத்துப் பன்னிரண்டு தெரு. இந்தத் தெருவில் இத்தனை வீடு, இத்தனை வண்டி, இதோ எண்கள் என்று ஒரே பட்டியலாகத் தயார் செய்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, சீசன் தொடங்கும் முன்பே போக்குவரத்துக் காவல் ஆய்வாளரிடமும் வார்டு கவுன்சிலரிடமும் கொடுத்து, கண்ணாடியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் கேளுங்கள். தனியாள் போய்க் கேட்டால் சிபாரிசு என்பார்கள், தெருவே போய்க் கேட்டால் அது மனு. கையெழுத்து வாங்கும்போது மேன்ஷன்களை விட்டுவிடாதீர்கள், பைக்குகள் அவர்களுடையவைதான் அதிகம். ஒரு வீட்டுக்கு எத்தனை ஸ்டிக்கர் என்பதையும் உங்களுக்குள்ளேயே முதலில் முடிவு செய்துவிடுங்கள். மூன்று கார் வைத்திருக்கிற வீட்டுக்காரர் மூன்றும் கேட்பார், அங்கேயே மனு உடையும்.

கேள்வி: 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி கார் ரேஸ் விட்டார்களே, அதற்கும் இதே ஆலோசனைதானா?
– ஒரு வாசகர், சிந்தாதிரிப்பேட்டை

பதில்: இல்லை. ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 என்று இரண்டு நாள் நடந்த அந்த ஃபார்முலா 4 பந்தயத்தில் ரோடுதான் மைதானம், மூன்றரை கிலோமீட்டர் தடம். சேப்பாக்கத்தில் உங்கள் வண்டி உள்ளே போக முடியவில்லை என்பது பிரச்சினை, அங்கே நினைத்த நேரத்தில் வெளியே எடுக்க முடியாது என்பது பிரச்சினை. மறுபடி நடந்தால், முந்தின நாள் ராத்திரியே வண்டியைத் தடத்துக்கு வெளியே சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுவது ஒன்றுதான் வழி.

கேள்வி: நான் தாம்பரம். தோனி ரசிகன். எங்களையும் திட்டாதீர்கள் சார், பைக்கை எங்கேதான் விடுவது?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: தாம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் விடுங்கள். அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டி, கிண்டியில் மெட்ரோ ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டம், இறங்கி வாலாஜா ரோட்டில் கால்மணி நேரம் நடை. இல்லை, பார்க் வரைக்கும் ரயிலிலேயே வந்து, பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் இரண்டாவது ஸ்டேஷன் சேப்பாக்கம், மைதானத்தை ஒட்டியே இறக்கிவிடும். திரும்பும்போது கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று போகும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், சூப்பர் ஓவர் வந்தால் அதற்காக ரயில் நிற்காது. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து காரில்தான் வருவோம் என்றால் மெரினா பக்கம் அன்றைக்கு எங்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அறிவிப்பில் பாருங்கள். சந்துக்குள் மட்டும் திரும்பாதீர்கள், நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.